சிறு விசைப்படகில் ஆழமானி: டிரான்ஸ்டியூசரைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஆழமானி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். எத்தனை அங்குலம், வெயிலில் தெரியுமா, வரைபடம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கிடக்கும் உள்ளங்கையளவு கறுப்புக் கட்டியை வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள். ஆழத்தை அளப்பது அந்தக் கட்டி. அதன் பெயர் டிரான்ஸ்டியூசர். அதைச் சரியான இடத்தில் மாட்டினால் சாதாரணக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யும். தவறான இடத்தில் மாட்டினால் எவ்வளவு விலை கொடுத்த திரையும் படகு வேகம் பிடித்ததும் கோடு கோடாகக் கிறுக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை மின்துடிப்பு வந்ததும் அதிர்ந்து ஒலியைக் கீழே அனுப்புகிறது. ஒலி தரையில் பட்டுத் திரும்பியதும் அதே வில்லை அதைக் கேட்கிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழம் என்றால் போக வர 20 மீட்டர், அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 75-ல் ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்து, பாதியாக்கி, ஆழமாகக் காட்டுவதுதான் கருவியின் வேலை.

இதற்கு ஒரே ஒரு பெரிய எதிரி உண்டு: காற்று. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலியில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அப்படியே திருப்பி அடிக்கப்படுகிறது. வில்லைக்கு முன்னால் நுரைப்படலம் ஓடினால் ஒலிக்கு அது சுவர். எங்கே பொருத்துவது, எத்தனை மில்லிமீட்டர் இறக்குவது, மெதுவாக இறுகும் எபாக்சி என்னும் பிசினை ஏன் ஊற்றுவது என்று கீழே வரும் அத்தனையும் இந்தச் சுவரைத் தவிர்க்கும் வேலைதான்.

எந்த வகை?

பொருத்தும் விதத்தை வைத்து மூன்று வகை. படகின் பின்பலகையில், அதாவது டிரான்ஸமில், வெளிப்பக்கமாகத் தாங்கியோடு தொங்குவது ஒன்று. படகின் அடியில் துளையிட்டு, தண்டை உள்ளே நுழைத்து, நட்டுப் போட்டு இறுக்குவது இன்னொன்று. துளையே போடாமல், படகுக்கு உள்ளிருந்தே அடித்தகட்டின் வழியாக ஒலியை அனுப்புமாறு எபாக்சியில் ஒட்டுவது மூன்றாவது.

பின்பலகையில் வெளிப்பக்கமாக மாட்டும் அவுட்போர்டு என்ஜின் வைத்த, டிரெய்லரில் ஏற்றி இறக்கும் சிறிய படகு என்றால், முதல்முறை செய்கிறவர் பின்பலகை வகையையே எடுப்பது நல்லது. நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய துளை இல்லை, தவறினாலும் ஒரு ஸ்குரூவைத் தளர்த்தி மாற்றலாம், கெட்டுப்போனால் அரை மணி நேரத்தில் கழற்றலாம். ஏறத்தாழ 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகம் வரை நன்றாகக் காட்டும். ஆனால் படகுக்கு உள்ளே என்ஜினும், அடியில் நீண்ட தண்டும் புரொப்பெல்லரும் உள்ள படகுகளுக்கு இது ஒத்துவராது. அங்கே பின்பலகைக்கு வரும் தண்ணீரே புரொப்பெல்லர் கடைந்த தண்ணீர். அத்தகைய படகுக்குத் துளை வகையோ உள்ளே ஒட்டும் வகையோதான், அதுவும் புரொப்பெல்லருக்கு முன்னால்.

உள்ளே ஒட்டும் வகை கெட்டியான ஃபைபர் அடித்தகட்டின் வழியே மட்டும் வேலை செய்யும். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே நுரையோ பால்சா மரமோ வைத்துக் கட்டிய படகில் ஒலி அந்த நடு அடுக்கிலேயே செத்துவிடும். மரப் படகு, அலுமினியப் படகு இரண்டுக்கும் இந்த வகை வேண்டாம். ஃபைபரிலும் ஒலி இருமுறை தகட்டைக் கடக்க வேண்டியிருப்பதால் கணிசமாக வலுவிழக்கும். சில பத்து மீட்டர் ஆழத்துக்கு அது பொருட்டில்லை. தண்ணீரின் வெப்பநிலையையும் சக்கரம் சுழற்றி அளக்கும் வேகத்தையும் இதில் எதிர்பார்க்க முடியாது. கட்டி தண்ணீரையே தொடவில்லையே.

துளை வகையில் உலோகப் பொருத்தம் முக்கியம். வெண்கல டிரான்ஸ்டியூசரை அலுமினியப் படகில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்து மின்கலம் போல ஆகி, அலுமினியம் துளையைச் சுற்றி அரித்துக்கொண்டே போகும். அலுமினியத்துக்கு பிளாஸ்டிக்கோ, பிரிப்பு வளையத்தோடு வரும் துருப்பிடிக்காத எஃகோ சரி. மரப் படகில் பிளாஸ்டிக் தண்டு வேண்டாம். மரம் தண்ணீர் குடித்து ஊதும்போது தண்டை நெரித்து உடைத்துவிடும். அங்கே வெண்கலம்தான்.

துளை வகை எடுப்பவர்கள் படகின் அடிப்பகுதிச் சாய்வையும் அளக்க வேண்டும். படகை டிரெய்லரில் பக்கவாட்டில் ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். பின்பக்க அடியில், நடுக்கோட்டிலிருந்து ஓரத்தை நோக்கி நேரான கட்டை ஒன்றைப் பிடித்து, சாய்வு காட்டும் கைபேசிச் செயலியை அதன் மேல் வையுங்கள். பல மாதிரிகளில் வில்லையே உள்ளுக்குள் 12 அல்லது 20 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். 8 முதல் 15 பாகைச் சாய்வுள்ள படகுக்கு 12, 16 முதல் 24 வரை 20 என்று எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு மாற்ற முடியாத விஷயம் என்பதால் இந்த ஐந்து நிமிட வேலையை முதலிலேயே செய்துவிடுங்கள்.

அதிர்வெண்ணும் கூம்பும்

ஒலி கீழே போகும்போது கூம்பாக விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர்களின் கூம்பு பொதுவாக 12 முதல் 20 பாகை. 50 கிலோஹெர்ட்ஸில் 45 பாகை வரை போகும். 20 பாகைக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 45 பாகைக் கூம்பு அதே ஆழத்தில் எட்டு மீட்டருக்கு மேல் பார்க்கும். அகலம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆழமானியைப் பொறுத்தவரை அப்படியில்லை. அந்த வட்டத்துக்குள் எந்த இடம் மிக அருகில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வந்து சேரும். சரிவான தரையின் மேல் அகலக் கூம்பு உண்மையைவிடக் குறைந்த ஆழத்தையே காட்டும்.

குறைந்த அதிர்வெண் ஆழமாகப் போகும், ஆனால் விவரம் குறையும். 60, 70 மீட்டருக்கு உட்பட்ட தண்ணீரில் ஓட்டுகிறவருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். நூறுகளில் ஆழமுள்ள கடலில் மீன் தேடுகிறவருக்குத்தான் 50 தேவைப்படுகிறது. சிர்ப் என்று பெயரிட்டு வருபவை ஒரே அதிர்வெண்ணில் துடிக்காமல் ஒரு வரம்பு முழுவதையும் வருடிச் செல்லும். அருகருகே இருக்கும் இரண்டு மீன்களைப் பிரித்துக் காட்ட அது உதவும். படகு தரை தட்டாமல் இருக்க அது அவசியமில்லை. 455, 800 கிலோஹெர்ட்ஸில் புகைப்படம் போல அடித்தளத்தைக் காட்டும் வகைகளுக்கு ஆழம் குறைவு. அவற்றை உள்ளே ஒட்டவும் முடியாது.

வாங்கும் முன் இன்னொன்றையும் சரிபாருங்கள்: திரையும் டிரான்ஸ்டியூசரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? இணைப்பியின் முள் எண்ணிக்கை, அதிர்வெண், வாட் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முள் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வடிவ இணைப்பியில் வேறு வேறு கம்பி வரிசை வருவதுண்டு. கேபிள் நீளத்தையும் பாருங்கள். பின்பலகையிலிருந்து ஓட்டுநர் இருக்கை வரை, வளைவுகளோடு சேர்த்து, ஒரு கயிறு விட்டு அளந்துவிட்டுப் போங்கள். போதாவிட்டால் அதே நிறுவனத்தின் நீட்டிப்புக் கேபிள்தான் வழி. வெட்டி முறுக்கி ஒட்டக் கூடாது.

இடம் பார்த்தல்

டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் படகை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் உயிர்காப்பு உடையோடு பின்பக்கம் பாதுகாப்பாக உட்கார்ந்து, பின்பலகையின் அடிவிளிம்பிலிருந்து தண்ணீர் எப்படி விலகிப் போகிறது என்று கவனியுங்கள். படகு எழும்பி ஓடும் வேகத்தில் சில இடங்களில் தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழுவழுவென்று வெளியேறும். சில இடங்களில் வெள்ளை நுரை வரிவரியாக வரும். கண்ணாடி போன்ற இடம்தான் உங்களுக்கு வேண்டும். கைபேசியில் காணொளி எடுத்து வைத்துக்கொண்டால் கரையில் நிதானமாகப் பார்க்கலாம்.

பிறகு படகைக் கரையேற்றி, அடியில் படுத்துப் பாருங்கள். நீங்கள் குறித்த இடத்திலிருந்து நேராக முன்னோக்கி அணியம், அதாவது படகின் முன்முனை, வரை கண்ணை ஓட்டுங்கள். வழியில் நீளவாட்டு வரம்பு, ஆணி வரிசை, தண்ணீர் உள்ளிழுக்கும் துளை, வெளியேற்றும் துளை, பழைய ஸ்குரூ என்று எது இருந்தாலும் அதன் பின்னால் குமிழிச் சரடு ஓடும். அந்த நேர்க்கோட்டை விட்டுத் தள்ளிப் போங்கள். டிரெய்லரின் உருளையும் தாங்குக் கட்டையும் படும் இடத்தையும் விட்டுவிடுங்கள். படகை ஏற்றும்போது முதலில் அடிபட்டு உடைவது டிரான்ஸ்டியூசர்தான்.

ஒற்றை என்ஜின் என்றால் எந்தப் பக்கம் என்பதற்கும் விடை உண்டு. பெரும்பாலான புரொப்பெல்லர்கள் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். அப்போது வலப்பக்க இதழ்கள் கீழ்நோக்கி வரும், இடப்பக்க இதழ்கள் மேல்நோக்கிப் போகும். இதழ் கீழிறங்கும் பக்கத்தில் தொந்தரவு குறைவு, அதனால் வலப்பக்கம். எதிர்த்திசையில் சுற்றும் புரொப்பெல்லர் என்றால் இடப்பக்கம். இரட்டை என்ஜினில் இரண்டுக்கும் நடுவே.

புரொப்பெல்லரிலிருந்து 38 செ.மீ. தள்ளி வைப்பது பாதுகாப்பான அளவு. சிறிய படகில் அவ்வளவு இடம் கிடைக்காமல் போகலாம். எப்படியும் என்ஜினை இருபக்கமும் முழுதாகத் திருப்பியும், மேலே தூக்கியும், டிரான்ஸ்டியூசரில் இடிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள். புரொப்பெல்லருக்கு நேர் முன்னே வைத்தால் தொல்லை இருபக்கமும்: கட்டி கிளப்பும் குமிழி புரொப்பெல்லருக்குள் போய் அதன் பிடிமானம் குறையும், என்ஜின் வெறுமனே இரைச்சலிடும். மிகவும் ஓரத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. திருப்பத்தில் படகு சாயும்போது அந்த ஓரம் தண்ணீரைவிட்டே வெளியே வந்துவிடும்.

பின்பலகையில் பொருத்துதல்

தேவையானவை: டிரில், 4 மி.மீ. பிட், கேபிள் இணைப்பி நுழையும் அளவு பிட் (பெரும்பாலும் 19 முதல் 25 மி.மீ.), மாஸ்கிங் டேப், பென்சில், அளவுகோல், ரசமட்டம், கடல் உபயோகத்துக்கான பாலியூரிதேன் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை), 316 தரத் துருப்பிடிக்காத ஸ்குரூக்கள், கேபிள் பிடிப்பான்கள், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. சிலிக்கான் சீலன்டை நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தாதீர்கள். நாளடைவில் விட்டுவிடும், அது இருந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. நிரந்தரமாக ஒட்டும் வகை சீலன்டும் வேண்டாம். என்றாவது கழற்றும்போது ஃபைபரின் மேல்பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

பெட்டியில் வரும் காகித அச்சைக் குறித்த இடத்தில் ஒட்டுங்கள். அச்சின் செங்குத்துக் கோடு, படகு தண்ணீரில் நிற்கும்போது செங்குத்தாக இருக்கும்படி ரசமட்டத்தால் சரிசெய்யுங்கள். அடிப்பகுதிச் சாய்வுக்கு இணையாக வைத்துவிட்டால் ஒலி பக்கவாட்டில் போகும். உயரம் எவ்வளவு என்றால், ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடியைவிட 3 மி.மீ. கீழே, அலுமினியத்தில் ஏறத்தாழ 10 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உங்கள் கருவியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். தாங்கியில் ஸ்குரூவுக்கான துளை நீள்வடிவத்தில் இருக்கும். ஸ்குரூ அதன் நடுவில் வருமாறு குறியுங்கள். பிறகு மேலேயோ கீழேயோ நகர்த்த இடம் இருக்கும்.

பிட்டில் நுனியிலிருந்து 22 மி.மீ. அளந்து டேப்பைச் சுற்றுங்கள், ஆழம் மீறாது. ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு எளிதில் சில்லு பெயரும். குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் எதிர்த்திசையில் ஓடவிட்டு மேல்பூச்சைக் கடந்த பிறகு நேராக ஓட்டினால் சில்லு பெயராது. துளையின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்குரூவின் மரை மேல்பூச்சைத் தூக்கி, நட்சத்திரம் போல விரிசல் விடும்.

பிட்டிலிருந்து உதிரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. தூள் வெளிர் நிறத்தில், உலர்ந்து, மர வாசனையோடு இருந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, பிசுபிசுத்து, மக்கிய வாடை அடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். என்ஜினைத் தாங்கும் பலகை உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. ஆழமானியைவிட அது அவசரம்.

பலகை நன்றாக இருந்தால் அப்படியே இருக்க வைப்பது உங்கள் பொறுப்பு. சீலன்ட் மட்டும் போட்டு ஸ்குரூவை முடுக்குவது பொதுவான வழி. இன்னும் உறுதியான வழி, துளையை 10 மி.மீ. ஆக்கி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, ஒரு இரவு இறுகவிட்டு, அதன் நடுவில் மறுபடி 4 மி.மீ. துளையிடுவது. அப்போது ஸ்குரூ மரத்தைத் தொடாது. சீலன்ட் என்றாவது விட்டாலும் தண்ணீர் பிளைவுட்டுக்குள் போகாது. கூடுதலாக ஒரு நாள்தான் ஆகும்.

எங்கே வைத்தால் சரிவரும் என்று உறுதியில்லாதவர்கள் தடித்த பாலிஎத்திலீன் பலகைத் துண்டு ஒன்றைப் பின்பலகையில் ஒருமுறை பொருத்திவிட்டு, அதன் மேல் டிரான்ஸ்டியூசரை மாட்டலாம். எத்தனை முறை இடம் மாற்றினாலும் படகில் புதுத் துளை விழாது. பாலிஎத்திலீனில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் ஸ்குரூ போட்டே பொருத்த வேண்டும்.

சீலன்டைத் துளைக்குள்ளும் ஸ்குரூ மரையிலும் இட்டு, தாங்கியை மாட்டி, முழு இறுக்கம் கொடுக்காமல் விடுங்கள். டிரான்ஸ்டியூசரைத் தாங்கியில் அமர்த்தி, படகு ஓடும் நிலையில் முகம் நீர்ப்பரப்புக்கு இணையாக இருக்குமாறு சாய்வை வையுங்கள். பின்முனை முன்முனையைவிட இம்மியளவு தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, அதுவே நல்லதும்கூட. முன்முனை தாழ்ந்திருந்தால் முகத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகிக் குமிழி தேங்கும். கடைசியாகக் கைமுறுக்கில் இறுக்குங்கள். மின் டிரில்லால் இறுக்கினால் பிளாஸ்டிக் தாங்கி வெடித்துவிடும்.

கேபிளும் மின்சாரமும்

கேபிளைப் பின்பலகையின் மேல்விளிம்பு வழியாக உள்ளே கொண்டுபோக முடிந்தால் அதுவே சிறந்தது. துளை போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே போடுங்கள், சீலன்டும் மூடியும் வையுங்கள். முதல் பிடிப்பானைத் தாங்கிக்கு ஐந்து செ.மீ. மேலே அடியுங்கள். பல தாங்கிகள் எதிலாவது மோதினால் பின்னோக்கி மடங்கி விலகும்படி செய்யப்பட்டவை. கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால் அந்த மடக்கம் நடக்காது, கேபிள் வேரோடு பிடுங்கும். விரலால் கட்டியை மேலே மடக்கிப் பார்த்து, கேபிளில் போதிய தொய்வு இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு அடுத்த பிடிப்பானுக்குப் போங்கள்.

உள்ளே வந்த கேபிளை என்ஜின் கம்பிக் கட்டோடும் ரேடியோ ஆன்டெனா கேபிளோடும் சேர்த்துக் கட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. திரையில் புள்ளிமழை பெய்வதற்கு அதுவே முதல் காரணம். அரை மீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கிட்டே தீர வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்யுங்கள். மிஞ்சிய நீளத்தை வெட்டாமல் தளர்வாகச் சுற்றி ஒரு மூலையில் கட்டிவையுங்கள்.

திரைக்கு மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்தே எடுங்கள். பம்புக்கும் விளக்குக்கும் போகும் பொதுக் கம்பியில் ஒட்டுப்போட வேண்டாம். நேர்மின் கம்பியில் ஃபியூஸ் கட்டாயம், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். சிறிய கருவிகளுக்குப் பொதுவாக 3 ஆம்பியர், கையேட்டில் உள்ள எண்ணையே போடுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் திரை அணைந்து மறுபடி வந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது கம்பி மெலிந்தது, அல்லது முனை துருப்பிடித்திருக்கிறது.

உள்ளே ஒட்டுவதும், துளை போடுவதும்

உள்ளே ஒட்டுகிறவர்கள் முதலில் ஒட்டாமலே சோதிக்க வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் அமிழ்த்தி, பையைப் படகின் உள்தரையில் ஈரமாக்கிய இடத்தில் அழுத்துங்கள். பைக்குள் காற்று கூடாது. முதலில் டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு வெளியே தண்ணீரில் தொங்கவிட்டு அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு பை வழியாக வரும் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து, தரைக்கோடு தெளிவாக இருந்தால் அந்த இடம் சரி. அந்த இடத்து வண்ணப்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் தெரியும்வரை எடுத்து, துடைத்து, மெதுவாக இறுகும் இருகலவை எபாக்சியை ஊற்றுங்கள். விரைவில் இறுகும் எபாக்சி சூடேறிக் குமிழியை உள்ளே பூட்டிவிடும். கலக்கும்போதும் அடிக்காமல் வழித்து வழித்துக் கலக்குங்கள். கட்டியை ஒரு பக்கம் சாய்த்து இறக்கி, லேசாகத் திருகி அழுத்தினால் அடியிலுள்ள காற்று வெளியேறும்.

துளை வகைக்கு நீர்மட்டத்துக்குக் கீழே பெரும்பாலும் 50 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய ஓட்டை விழுகிறது. ஃபைபர் வேலையில் கைபழகாதவர் இதைத் தெரிந்தவரிடம் விடுவதே மேல். செய்வதானால், உள்ளிருந்து 3 மி.மீ. வழிகாட்டித் துளை போட்டு, வெளியே அது வந்த இடத்தில் தடை ஏதுமில்லை என்று பார்த்த பிறகே ஹோல் சா (வட்டமாகத் துளை வெட்டும் வாள்) பிடியுங்கள். நடுவில் நுரையோ மரமோ உள்ள அடித்தகட்டில், உள்பக்க அடுக்கையும் நடு அடுக்கையும் 12 மி.மீ. பெரிதாக வெட்டி, அந்த இடைவெளியை எபாக்சியால் அடைத்து வளையமாக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டு இறுக்கும் அழுத்தத்தில் நடு அடுக்கு நசுங்கும், தண்ணீரும் உள்ளே ஊறும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கிவிட்டு அதன்மேல் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். படகைத் தண்ணீரில் இறக்கியதும் கசிவு பாருங்கள். மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள். மிக மெல்லிய கசிவு உடனே கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாளில் படகின் அடியில் நிறைய தண்ணீர் சேர்ந்திருக்கும்.

தண்ணீரில் சோதனை

கரையில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் திரையில் மீன் நீந்தி ஆழமும் ஓடினால் மகிழ வேண்டாம், கருவி கடையில் காட்டுவதற்கான விளம்பர (டெமோ) நிலையில் இருக்கிறது. அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அருகே காதை வைத்தால் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது வந்தால் துடிப்பு போகிறது என்று பொருள்.

தண்ணீரில் இறக்கியதும் ஆழ ஈடு (டெப்த் ஆஃப்செட்) என்னும் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். கருவி அளப்பது தன் முகத்திலிருந்து தரை வரை. உதாரணமாக முகம் நீர்ப்பரப்புக்கு 25 செ.மீ. கீழேயும், அவுட்போர்டின் அடிநுனி 60 செ.மீ. கீழேயும் இருக்கிறது. திரையில் 1 மீட்டர் என்று வந்தால் என்ஜினுக்கு அடியில் மிச்சம் 65 செ.மீ.தான். அமைப்பில் மைனஸ் 0.35 கொடுத்தால் அந்த மிச்சம் நேராகத் தெரியும். பிளஸ் 0.25 கொடுத்தால் நீர்ப்பரப்பிலிருந்து மொத்த ஆழம் தெரியும். வரைபடத்தோடு ஒப்பிட இரண்டாவது வசதி, தரை தட்டாமலிருக்க முதலாவது. எதை வைத்தீர்கள் என்று திரைக்கு அருகில் எழுதி ஒட்டுங்கள், படகை வேறொருவர் ஓட்டும் நாளில் உதவும். அலகு மீட்டரா, அடியா, பாகமா என்றும் பாருங்கள். ஒரு பாகம் ஆறு அடி, 1.83 மீட்டர். மூன்று என்ற எண் மூன்றிலும் மூன்று விதம்.

நங்கூரமிட்டு, நான்கைந்து மீட்டர் தண்ணீரில், கனமான குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அளந்து ஒப்பிடுங்கள். தரை சேறாக இருந்தால் குண்டு கொஞ்சம் புதையும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. நிற்கும்போது நன்றாகக் காட்டி, வேகம் கூடக் கூட எண் மினுங்கி மறைந்தால் முகத்துக்கு முன்னால் குமிழி ஓடுகிறது. முதலில் தாங்கியின் சாய்வுப் பற்களில் ஒரு பல் மாற்றிப் பாருங்கள், பின்முனை தாழ வேண்டும். போதாவிட்டால் கட்டியை ஒன்றரை மி.மீ. இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். பின்னால் தண்ணீர் சேவல் வால் போலப் பீறிட்டால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள், மேலேற்றுங்கள். எவ்வளவு செய்தும் சரியாகாவிட்டால் இடமே தவறு. ரிவர்ஸில் போகும்போது எண் மறைவது மட்டும் குறையில்லை. புரொப்பெல்லர் நுரையை முன்னோக்கித் தள்ளுகிறது.

திரையில் புள்ளிமழை வந்தால் காரணத்தைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. கியர் போடாமல் என்ஜினை மட்டும் முறுக்குங்கள். அப்போதும் புள்ளி கூடினால் அது மின் இடைஞ்சல், கேபிள் போகும் வழியையும் மின் இணைப்பையும் பாருங்கள். படகு நகரும்போது மட்டும் வந்தால் குமிழி. பக்கத்தில் இன்னொரு படகு அதே அதிர்வெண்ணில் ஓடினாலும் சாய்ந்த கோடுகள் வரும், அது விலகியதும் போய்விடும்.

ஆழம் குறைந்த, கெட்டியான தரையின் மேல் உண்மையைப் போல இருமடங்கு காட்டினால் கருவி இரண்டாவது எதிரொலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: ஒலி தரையிலும் நீர்ப்பரப்பிலும் மாறி மாறிப் பட்டு இரண்டாம் முறை வருகிறது. உணர்திறனைக் குறைத்து, ஆழ வரம்பைக் கையால் வையுங்கள். ஆழம் எவ்வளவு மாறினாலும் அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று ஒட்டிக்கொண்டே இருந்தால் முகத்தில் பாசியோ ஒட்டிய பையோ குமிழியோ இருக்கிறதா என்று பாருங்கள். புத்தம்புதுக் கட்டியின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் சரியாக ஒட்டாமல் காற்றுப்படலம் நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் விரலால் தேய்த்தால் போதும்.

எல்லாம் சரியாக இருக்கும்போதும் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கருவி காட்டுவது படகுக்கு அடியில் உள்ளதை, முன்னால் வரப்போவதை அல்ல. 20 நாட் வேகத்தில் படகு நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது. திரையில் எண் குறைவதைக் கண்டு கை நகர்வதற்குள் நீங்கள் அந்த மேட்டின் மேல் இருப்பீர்கள். அறிமுகமில்லாத தண்ணீரில் ஆழ எச்சரிக்கை மணியைத் தாராளமான எண்ணில் வைத்து, வேகத்தைக் குறையுங்கள்.

பராமரிப்பு

முகத்தை அசிட்டோனாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துவிடும். மெல்லிய துணியும் சோப்பு நீரும் போதும். சிப்பி ஒட்டினால் கத்தியால் சுரண்டாமல், ஈர உப்புத்தாளின் மிக நுண்ணிய வகையால் மெதுவாகத் தேயுங்கள். படகைத் தண்ணீரிலேயே விட்டு வைக்கிறவர்கள் கரைப்பானுக்குப் பதில் நீரை அடிப்படையாகக் கொண்ட பாசித்தடுப்புப் பூச்சை மெல்லியதாக ஒரு கோட் அடிக்கலாம். கீட்டோன் கரைப்பான் கலந்த பூச்சு வில்லையை மூடிய பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தடிமனாக அடித்தால் எதிரொலி மங்கும்.

சாய்வும் உயரமும் சரியாக அமைந்த அன்றே, தாங்கியின் விளிம்பைப் பின்பலகையில் அழியாத மையால் கோடிட்டு வையுங்கள். கட்டியின் சாய்வுப் பல் எந்த எண்ணில் நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரிலோ மிதக்கும் கட்டையிலோ இடித்து அது நகர்ந்துவிட்டால், கோட்டைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடலாம்.